இரண்டாவது மாடியில் கடற்கரைச் சாலை

முதல் வளைவிலேயே அவர் ஹாரன் அடிக்கப் பார்த்தார். வலது உள்ளங்கை வேகமாக இறங்கி, கைப்பிடியில் தொங்கிய ஈரத் துண்டின் மேல் விழுந்தது. துண்டு தரைக்குப் போனது. எதிரே திரையில் கடலோரச் சாலை பழைய கோட்டைச் சுவர் ஒன்றை ஒட்டித் திரும்பியது.

"எதிர்ல ஒரு ஈ காக்கா வரல. யாருக்கு அடிக்கிறீங்க?" என்றாள் மனைவி, துண்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டே.

"வர்றது தெரிஞ்சா அப்புறம் ஹாரன் எதுக்குடி?"

இந்தக் குணத்துக்காகத்தான் டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர் விழுந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை.

பதினாறு வருடமாக மாலை ஆறு மணிக் கடற்கரை வண்டியை ஓட்டியவர். முந்தின நாள் டிப்போ டாக்டர் அவரை எடை இயந்திரத்தில் ஏற்றி, முள்ளைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு. ரத்த அழுத்தம் அதைவிட மோசம். உங்களை நம்பி அம்பது பேரை நான் எப்படி அனுப்புறது?"

"தினம் நடக்கிறேன் டாக்டர்."

"போன வருஷமும் நடந்தீங்க. நோட்டுல நடந்தீங்க."

அது உண்மைதான். நோட்டில் அவர் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடந்திருந்தார், தவறுதலாக, இன்னும் வராத இரண்டு தேதிகளிலும் நடந்துவிட்டார். அதனால் இந்தத் தடவை டாக்டர் ஏமாறுவதாக இல்லை. முப்பது நாள் மருத்துவ விடுப்பு கொடுத்தார். அதற்குள் எடை எண்பத்தெட்டுக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சாவி அறை.

சாவி அறையில் ஒரு ஜன்னல் உண்டு, ஒரு ஸ்டூல் உண்டு. சுவர் முழுக்க ஆணிகளில், மற்றவர்கள் ஓட்டப் போகும் வண்டிகளின் சாவிகள் தொங்கும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்த எந்த டிரைவரும் திரும்ப ஸ்டியரிங் பிடித்ததாகச் சரித்திரம் இல்லை.

விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கும் மைத்துனன்தான் வழி சொன்னான். "நடக்கப் பிடிக்கலன்னா உட்கார்ந்துக்கிட்டே போங்க மாமா." ஹாலில் ஓர் உடற்பயிற்சி சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கி, அதை டிவியோடு இணைத்தான். மிதித்தால் திரையில் சாலை நகரும். நிறுத்தினால் நிற்கும். மேடு வந்தால் பெடல் கனக்கும். முந்நூறு கிலோமீட்டர் முடித்தால் திரையிலேயே சான்றிதழ் வரும். "அந்தச் சான்றிதழும் வேணும், எடையும் இறங்கணும்" என்று, விஷயத்தைக் கேட்ட டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மலைப்பாதை, காட்டுப்பாதை, நகரம், கடற்கரை என்று நான்கு வழிகள் இருந்தன. ஹாரன் யோசிக்காமல் கடற்கரையைத் தொட்டார். பதினாறு வருடம் கடற்கரைக்குப் போனவர், கடலை ஒழுங்காகப் பார்த்ததில்லை. கடைசி நிறுத்தத்தில் அவர் வண்டி ஒரு சுவரைப் பார்த்து நிற்கும். கையெழுத்துப் போட்டு, ஒரு டீயை வாயில் ஊற்றிக்கொண்டு, வண்டியைத் திருப்பினால் முடிந்தது. அவருக்குத் தெரிந்த கடல், பக்கவாட்டுக் கண்ணாடியில் நடுங்கும் ஒரு நீலப் பட்டை.

அதனால் கோட்டையைத் தாண்டியதும் திரை முழுக்க நீலம் விரிந்தபோது அவர் கத்தியே விட்டார்.

"ஏய், இங்க வா, இங்க வா! கடலு!"

"பதினாறு வருஷமா அங்கதானே போய்ட்டு வந்தீங்க?"

"போனேன். பார்த்தேனா?"

அன்று நான்கு கிலோமீட்டர். இறங்கியபோது கால்கள் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கியவை போலிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். ஆனால் முகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

மூன்றாம் நாள், எதிர்வீட்டுத் தையல்காரம்மா தைத்த துணியைக் கொடுக்க வந்தார். "ஒரு நிமிஷம்" என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவர், நாற்காலியின் முதுகு வரை நகர்ந்து, சேதமடைந்த ஒரு கல் பாலம் வந்து போகும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் மாடிவீட்டு சரித்திர டீச்சரையும் அழைத்து வந்தார். டீச்சர் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது, பாடம் நடத்துவதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. ஐந்தாம் நாள் ஹாலில் ஒன்பது பேர். அத்தனை பேரும் ஹாரனுடைய ஆறு மணி வண்டியின் வாடிக்கைப் பயணிகள்.

"உங்களுக்கெல்லாம் இந்த நேரத்துல வேலை ஒண்ணும் இருக்காதா?" என்று மனைவி பக்குவமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"என்ன வேலை? பழகின நேரம், பழகின டிரைவர்" என்றார் தையல்காரம்மா.

ஹாரன் மிதித்துக்கொண்டே, கேட்கக் கூடாது கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார். "என் வண்டிக்குப் புதுசா ஒருத்தன் வந்திருப்பானே. எப்படி ஓட்டுறான்? கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுறானா?"

"அவரை யார் பார்த்தா?" என்றார் டீச்சர்.

ஹாரன் இன்னும் வேகமாக மிதித்தார். என்ன விசுவாசம்! உடம்பு தேறி டிரைவர் சீட்டில் ஏறுகிற வரை டிப்போ வாசலை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார். அந்த வைராக்கியம் இன்னும் இறுகியது.

ஆனால் விசுவாசத்துக்கும் ஒரு விலை இருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க நிறுத்துங்க! அது பழைய சுங்கச்சாவடி. தூணைப் பார்க்கணும்" என்பார் டீச்சர்.

"கொஞ்சம் மெதுவா. அந்தப் படகுல பாய் கிழிஞ்சிருக்கு, எப்படித் தைச்சிருக்காங்கன்னு பார்த்துக்கிறேன்" என்பார் தையல்காரம்மா.

கை தட்டினால் நிறுத்துவது ஹாரனுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். நிறுத்தினார். நிறுத்தி நிறுத்தி, பத்தாம் நாள் கணக்குப் பார்த்தால் போய்ச் சேர்ந்தது நாற்பத்தொரு கிலோமீட்டர். போயிருக்க வேண்டியது நூறு.

"இதுக்கு ஒரு ஆளால்தான் முடியும்" என்று ஹாரன் போன் போட்டார். பதினாலு வருடம் அவரோடு ஓடி, போன வருடம் ஓய்வு பெற்ற கண்டக்டர், மறுநாள் ஐந்தே முக்காலுக்கு வந்து நின்றார். கழுத்தில் விசில்.

"எத்தனை ஸ்டாப்?" என்றார் கண்டக்டர்.

"நாலே நாலு."

"என்கிட்ட விடு."

கண்டக்டர் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசையில் போட்டு, நடுவே வழி விட்டார். ஜன்னலோரம் யாருக்கு என்று தையல்காரம்மாவுக்கும் டீச்சருக்கும் தகராறு வந்தது. அந்த ஜன்னல் வழியாகத் தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மட்டுமே என்பதை இருவருமே பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்.

விசில் ஊதியது. "போலாம் ரைட்!"

ஹாரனுக்குப் புல்லரித்தது. கால் தானாக மிதித்தது. கடல் வலதுபுறம் பறந்தது. நாலே ஸ்டாப்பில் ஒன்பது கிலோமீட்டர்! இறங்கும்போது கண்டக்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வந்தால், அதன் பின்னாலேயே சம்பிரதாயமும் வந்துவிடுகிறது. ஸ்டாப் என்றால் பத்து நிமிடம், பத்து நிமிடம் என்றால் கையில் ஏதாவது வேண்டும். ஒருவர் வறுத்த கடலை கொண்டு வந்தார். ஒருவர் வாழைப்பழக் கேக். தையல்காரம்மா ஒரு பாத்திரம் நிறையப் பொரித்த உருளைக்கிழங்கு. வழியில் வண்டி நிற்கும் இடத்தில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும்தான் முதல் தட்டு. அது உலகத்தில் எந்த டிரைவரும் மறுக்காத மரியாதை. ஹாரன் சைக்கிளை விட்டு இறங்காமலே தட்டை வாங்கிக்கொண்டார். நான்கு ஸ்டாப், நான்கு தட்டு.

பதினாலாம் நாள் எடை இயந்திரத்தில் ஏறினார். தொண்ணூற்றைந்தரை.

"சைக்கிள் மிதிச்சு எடை ஏறின மனுஷன் நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டே சொன்னவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் இயந்திரத்தின் மேலேயே நின்றார். கண்ணுக்கு முன்னால் அந்த ஸ்டூல் தெரிந்தது.

அன்று மாலை மனைவி ஹால் நடுவில் வந்து நின்றாள். "இன்னையிலேருந்து டிரைவருக்குத் தட்டு கிடையாது. யாராவது நீட்டினீங்க, அவங்களை அதே இடத்துல இறக்கி விட்ருவேன்."

பயணிகள் கலங்கிப் போனார்கள். டிரைவரைப் பட்டினி போட்டுவிட்டு நாம் எப்படித் தின்பது? அப்படியானால் ஸ்டாப்பே வேண்டாம் என்று தையல்காரம்மா தியாகம் செய்தார். ஸ்டாப் இல்லாவிட்டால் ஆறரைக்கே வண்டி முடிந்துவிடும், அப்புறம் என்ன செய்வது என்று டீச்சர் கேட்டார். கண்டக்டர் தலையைச் சொறிந்துவிட்டு முடிவு செய்தார். ஆறு மணிக்கு ஒரு டிரிப், ஏழு மணிக்கு ஒரு டிரிப்.

"ரெண்டா?" என்றார் ஹாரன், துண்டால் முகத்தைத் துடைத்தபடி.

"கூட்டம் இருக்குல்ல? ஆளை விட்டுட்டா போக முடியும்?"

ஆளை விட்டுவிட்டுப் போக எந்த டிரைவருக்கும் மனசு வராது. இரண்டு டிரிப் ஓடியது. பசித்த வயிறும் இரட்டை மிதியும் சேர்ந்து வேலை செய்தன. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்றொன்று. கால்சட்டைக்கு பெல்ட் தேவைப்பட்டது. ஹாரன் எடை இயந்திரத்திலிருந்து குதித்தே இறங்கினார்.

அந்தக் குதிப்பு கீழ் வீட்டில் கேட்டது. அங்கே இருந்தவர் ஹவுஸ் ஓனர்.

உண்மையில் அவருக்கு அதற்கு முன்பே நிறையக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தினமும் மாலை தலைக்கு மேல் நாற்காலிகள் நகர்ந்தன. விசில் ஊதியது. யாரோ "படியில நிக்காதீங்க" என்று கத்தினார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்தெல்லாம் ஆள் வரத் தொடங்கியதால், ஹால் நிறைந்து நடைவழியிலும் நின்றார்கள். ஓனர் வீட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, காலி செய்யச் சொல்லும் முகத்தோடு மேலே ஏறி வந்தார்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?"

"உள்ள போங்க, உள்ள போங்க, வழியை மறைக்காதீங்க" என்று கண்டக்டர் அவரைத் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். திரையில் அப்போது சாலை ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பெடல் கனத்து ஹாரன் பல்லைக் கடித்தார். மேட்டின் உச்சியில், பாதி தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பழைய துறைமுகம் ஒன்று மொத்தமாகக் கண்ணில் விழுந்தது. படிக்கட்டுகள் நேராகக் கடலுக்குள் இறங்கின.

ஓனர் வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தது. டிரிப் முடிந்ததும் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நாளைக்கு எனக்கு ஜன்னலோரம்" என்றார்.

இடத்தைக் கொடுத்தவர் மடத்தைப் பிடுங்கவும் வந்தார். கட்டடம் அவருடையது என்பதால், தான் வருவதற்குள் வண்டியை எடுக்கக் கூடாது என்றார். அவர் ஆறேகாலுக்கு வருவார். நேற்றுப் பார்த்த துறைமுகத்தைத் தன் அண்ணனுக்கும் காட்ட வேண்டும், வண்டியைப் பின்னால் எடுக்க முடியுமா என்று கேட்டார். ஹாரன் உண்மையிலேயே ஒரு தடவை பெடலைப் பின்பக்கம் மிதித்துப் பார்த்தார். அது நகரவில்லை, இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

இருபத்தைந்தாம் நாள் வந்தது. இருநூற்று அறுபது கிலோமீட்டர். எடை எண்பத்தொன்பது. தூரத்தில் திரையின் ஓரத்தில் கலங்கரை விளக்கம் ஒரு வெள்ளைக் குச்சியாக முதல் முறை தெரிந்தது. அதுதான் முடிவு.

"அதோ!" என்று ஹாரன் கத்தினார்.

யாரும் கூடச் சேர்ந்து கத்தவில்லை. "அது வந்துட்டா அப்புறம்?" என்றார் தையல்காரம்மா.

அடுத்த நாளிலிருந்து டீச்சருக்கு முந்நூறு அடிக்கு ஒரு சரித்திரம் தென்பட்டது. இங்கே கப்பல் கட்டினார்கள். இங்கே உப்புக் காய்ச்சினார்கள். இங்கே ஒன்றும் நடக்கவில்லை, அதுவே ஆச்சரியம்தான். ஓனருக்குத் தினமும் தண்ணீர் தாகம் எடுத்தது. கண்டக்டரின் விசில் தொட்டதற்கெல்லாம் ஊதியது. மூன்று நாளில் ஒன்பது கிலோமீட்டர்.

"நீ யார் பக்கம்யா?" என்று ஹாரன் கேட்டார்.

"கண்டக்டர் எப்பவும் பயணிங்க பக்கம்தான். உனக்கு இது இப்பத்தான் தெரியுதா?"

இருபத்தொன்பதாம் நாள் இடுப்புப் பிடிப்பு எழுந்திருக்கவே விடவில்லை. வண்டி ஓடவில்லை. முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக்கு முப்பத்தொரு கிலோமீட்டர் பாக்கி. மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர்.

ஹாரன் சைக்கிளில் ஏறினார். மிதிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தார். பதினாறு வருடம் முதுகைக் காட்டியே பழகியவர்களை இப்படி நேருக்கு நேர் பார்ப்பது அவருக்கே கூச்சமாக இருந்தது.

"டிப்போல ஒரு சாவி அறை இருக்கு" என்றார். "ஒரு ஸ்டூலு. ஆறு மணி ஆனா, என் வண்டிச் சாவியை நானே எடுத்து இன்னொருத்தன் கையில கொடுக்கணும். தினம் கொடுக்கணும். எனக்கு அது முடியாதுங்க. எனக்கு என் வண்டி வேணும்."

துண்டைத் தேடினார். மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

முதலில் எழுந்தவர் டீச்சர். "இனிமே வழியில சரித்திரமே கிடையாது" என்றார். "நான் பொறுப்பு."

"எனக்குத் தாகம் இல்லை" என்றார் ஓனர்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி வைத்தார். "எல்லாரும் கேட்டுக்கங்க! கலங்கரை விளக்கம் வரைக்கும் வண்டி எங்கயும் நிக்காது! போலாம் ரைட்!"

அப்படி ஒரு ஓட்டம் அந்த ஹால் பார்த்ததில்லை. முதல் பத்து கிலோமீட்டர் இருபத்தைந்து நிமிடத்தில் பறந்தது. மீன்பிடிப் படகுகள், உடைந்த காவல் கோபுரம், தென்னங்கீற்றுப் போல் வளைந்த ஒரு மணல்திட்டு எல்லாம் வந்த வேகத்தில் போயின. வளைவு தோறும் ஹாரன் கையைத் தூக்கினார். கை தூக்கிய போதெல்லாம் ஹால் முழுக்க வாயாலேயே ஹாரன் அடித்தது. கடைசி வரிசையில் ஒருவர் பயத்தில் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இருபதாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. இருபத்தைந்தில் கால் மரத்தது. கடைசி மூன்று கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். பெடல் பாறையாகக் கனத்தது. திரையில் சாலை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

"முதல் கியர்ல போடு!" என்று கண்டக்டர் கத்தினார்.

"முதல் கியர்லதான்யா இருக்கேன்!"

"எல்லாரும் முன்பக்கம் சாயுங்க! வண்டி இலேசாகட்டும்!"

முப்பது பேரும் முன்னால் சாய்ந்தார்கள். அதனால் சைக்கிளுக்கு என்ன லாபம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஏறியது. தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். மனைவி, கேலி செய்வதே தொழிலாக இருந்தவள், அவர் முதுகில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். இன்னும் நூறு மீட்டர். ஐம்பது. பத்து.

வெள்ளைக் கோபுரம் திரை முழுக்க எழுந்து நின்றது. அதன் பின்னால் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்தான். திரையில் சான்றிதழ் மலர்ந்தது. ஹால் எழுந்து கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடி வந்தார்கள். ஹாரன் கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சந்தோஷத்தில், வெட்கமில்லாமல் அழுதார்.

மறுநாள் டாக்டர் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்பத்தேழரை. பிரின்ட் எடுத்த சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கை குலுக்கினார்.

"போங்க. இன்னைக்கு சாயங்காலமே வண்டியை எடுங்க."

மாலையில் ஹாரன் இஸ்திரி போட்ட சீருடையில், இரண்டு சுற்று இளைத்த இடுப்போடு தெருவில் இறங்கினார். ஓனர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். மாடியிலிருந்து டீச்சர் கையசைத்தார். மனைவி சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். டிப்போ வரை நடந்தே போனார். நடந்த தூரத்தை எந்த நோட்டிலும் எழுதவில்லை.

யாருக்கு எந்த வண்டி என்று எழுதிக் கொடுக்கும் டைம் கீப்பரின் ஜன்னலுக்கு முன்னால் போய், மருத்துவரின் சீட்டை நீட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"நான் வந்துட்டேன். என் ஆறு மணிக் கடற்கரை வண்டியைக் கொடு."

டைம் கீப்பர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பரிதாபமாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ரூட்டை நேத்தோட நிறுத்திட்டாங்கண்ணே, ஒரு மாசமா ஒரு ஆள்கூட ஏறலியாம், உங்க தெருவுல எவனோ ஒருத்தன் வீட்டு ஹால்லயே கடலைக் காட்டுறானாமே!"